கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தான்

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் தான் எழுதிய புரோகிராமை எனக்குக் காட்டினாள். டேட்டாபேஸில் எது எதற்குச் சொந்தம் என்று சொல்லும் இரண்டு மாடல்கள். இதன் கீழே அது பல இருக்கும் என்று ஒரு வரி, அது ஒவ்வொன்றும் இதற்குச் சொந்தம் என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு வரி. "மேல இருக்கறதை யாராவது அழிச்சா, கீழ இருக்கறதுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டேன். "அதையெல்லாம் யாரும் அழிக்க மாட்டாங்க மேம்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஓய்வு பெற்றவள் போன இடத்தில் கத்தினால் நன்றாக இருக்காது என்று டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கோபத்துக்குக் காரணத்தையாவது சொல்லியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்த பிறகு தோன்றியது. அதைத்தான் இப்போது அவளுக்கும் உங்கள் எல்லோருக்குமாகச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். வலைத்தளம் கட்ட ஒரு புது பிரேம்வொர்க் வந்து எல்லோரும் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம். நான் நேரு பிளேஸில் ஒரு கம்பெனியில் இருந்தேன். குடியிருந்தது ஆர்.கே.புரத்தில், என் கணவருடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில். கம்பெனிக்குத் திடீரென்று சமூக சேவை ஞாபகம் வந்து, லாஜ்பத் நகரில் இருந்த ஒரு சின்ன அமைப்புக்கு இலவசமாக ஒரு மென்பொருள் செய்து கொடுத்தது. காணாமல் போன குழந்தைகளைத் தேடும் அமைப்பு அது. எழுதிய பையன் முடித்த கையோடு அமெரிக்கா போய்விட்டான். பராமரிப்பு என் தலையில் விழுந்தது. அவன் எழுதியதைக் குறை சொல்ல மாட்டேன். பாடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே எழுதியிருந்தான். ஒரு குழந்தைக்குப் பல தகவல்கள். ஒவ்வொரு தகவலும் ஒரு குழந்தைக்குச் சொந்தம். நீங்களும் இன்றைக்கு அப்படித்தான் எழுதுவீர்கள்.

தகவல் என்றால், 'உங்கள் போஸ்டரில் இருக்கும் பையனை இன்ன இடத்தில் பார்த்தேன்' என்று யாராவது போன் செய்வது. அதைக் கேட்டு, அந்தக் குழந்தையின் பக்கத்தைத் திறந்து, கீழே பதிந்து வைப்பது சுனிதாவின் வேலை. அந்த அமைப்பில் சம்பளம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். முப்பது வயதிருக்கும், பஞ்சாபிப் பெண், வெடுக்கென்று பேசுவாள். திரைச்சீலைக் கடைக்கு மேலே இரண்டு அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு போன், ஒரு இன்வெர்ட்டர். டேட்டாபேஸ் எல்லாம் மேஜைக்கு அடியில் இருந்த ஒரு பழைய பெட்டியில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் சுனிதா செருப்பைக் கழற்றி வைப்பாள்.

குழந்தையின் பக்கத்தில் நிலை என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இரண்டே வார்த்தைகள்தான் இருந்தன. தேடப்படுகிறது, கிடைத்துவிட்டது. மூன்றாவதாக ஒன்று வேண்டியிருக்கும் என்று அந்தப் பையனுக்குத் தோன்றவில்லை. கேட்டிருந்தால் அந்த அமைப்பில் இருந்தவர்களும் சொல்லியிருக்க மாட்டார்கள். சில குழந்தைகள் உயிரோடு கிடைப்பதில்லை. அந்தச் செய்தி வந்தால் சுனிதா என்ன செய்வாள்? 'கிடைத்துவிட்டது' என்பதை அவள் கை தொடாது. 'தேடப்படுகிறது' என்று விட்டுவைத்தால் தினமும் காலையில் அந்த முகம் திரையில் வந்து நிற்கும். அதனால் 'அழி' பொத்தானை அமுக்கிவிடுவாள். அமுக்கிவிட்டு, கீழே கடைக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவாள். இது அங்கே வழக்கமாகவே ஆகிப்போயிருந்தது. ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆக, அந்த டேட்டாபேஸிலிருந்து அழிக்கப்பட்டவர்கள் எல்லோரும் இறந்த குழந்தைகள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் சாயங்காலம் டெல்லிக்கே உரிய புழுதிப் புயல் அடித்திருந்தது. மறுநாளும் புழுதி முழுக்க இறங்கவில்லை. பகல் பதினோரு மணிக்கு வெளிச்சம் மஞ்சளாக, பழைய போட்டோவுக்குள் நடப்பது மாதிரி இருந்தது. நேரு பிளேஸில் இருந்த எனக்கு சுனிதாவிடமிருந்து போன்.

"தீதி, ஒரு மதராஸி அம்மா வந்திருக்காங்க. இந்தி தெரியும் போல, ஆனா அழுதுட்டு உங்க பாஷையிலயே பேசறாங்க. ஜல்தி வாங்க." இந்தியில்தான் பேசினாள், என்னை எப்போதும் தீதி, அதாவது அக்கா, என்பாள். நான் தமிழில் எழுதுகிறேன்.

மொழிபெயர்க்கத்தான் போனேன். மென்பொருளைப் பார்க்க இல்லை.

அந்த அம்மாவின் பெயர் செல்வி. கள்ளக்குறிச்சிப் பக்கம். ஜங்புராவில் நாலைந்து வீடுகளில் வேலை செய்கிறவள். அவளுடைய மகன் கதிர், பத்து வயது, சனிக்கிழமை காலையிலிருந்து காணவில்லை. வேலை செய்யும் வீட்டில் எதையோ உடைத்துவிட்டான், அந்த வீட்டு அம்மா கையை ஓங்கியிருக்கிறாள், ஓடிவிட்டான். இரண்டு நாள் தானே தேடியிருக்கிறாள். போலீஸ் ஸ்டேஷனில் நாளைக்கு வா என்றிருக்கிறார்கள். யாரோ இந்த இடத்தைச் சொல்ல, வந்திருக்கிறாள்.

நான் மாடி ஏறிப் போகும்போது செல்வி வாசலுக்குப் பாய்ந்து வந்துகொண்டிருந்தாள்.

"எம் புள்ளைய பாத்தாங்களாம்மா. நிஜாமுதீன் ஸ்டேசன்ல பாத்தாங்களாம். இந்தம்மா படிச்சுச் சொன்னாங்க. நான் போறேன், வழிய வுடுங்க."

உள்ளே சுனிதா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன ஆச்சு?"

"இப்பதான் பதிஞ்சேன் தீதி. பேரு, வயசு, போட்டோ, எல்லாம் இப்பதான் போட்டேன். சேமிச்சதும் பக்கம் வந்துச்சு. பாருங்க."

பார்த்தேன். மேலே கதிரின் போட்டோ. பள்ளிக்கூடத்து நீலச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு, கேமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தான். கீழே வரிசையாக ஐந்து தகவல்கள். நிஜாமுதீன் ஸ்டேஷனில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் பார்த்தோம். ஓக்லா மண்டியில் பார்த்தோம். ரயிலிலிருந்து இறங்கினான், பசி என்றான், பிஸ்கட் கொடுத்தோம். பெயர் பதிந்து இன்னும் டீ ஆறவில்லை. அதற்குள் அவனை ஐந்து பேர் பார்த்திருக்கிறார்கள்.

 தேதிகளைப் படித்தேன். முதல் தகவல் போன மாதத்தினுடையது. கதிர் அப்போது ஜங்புராவில் வீட்டில் இருந்து, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"சுனிதா, இது யாரோடது?"

அவள் மெதுவாகச் சொன்னாள். "சோனுவோடது. நான்தான் டைப் பண்ணேன். முதல் வரியை இவங்களுக்குப் படிச்சுக் காட்டின அப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது."

சோனு யமுனைக்கு அந்தப் பக்கத்துப் பையன். அவனுக்கும் பத்து வயது. அப்பா தள்ளுவண்டியில் காய்கறி விற்பவர். மனைவி இல்லை. ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு பையனின் உடல் கிடைத்து, ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். முகம் பார்க்கும்படி இல்லை. சட்டையையும் கையில் கட்டியிருந்த சிவப்புக் கயிற்றையும் பார்த்து, என் பையன்தான் என்று சொல்லி, அன்றே தகனம் செய்துவிட்டார். திங்கள் காலை அவரே போன் பண்ணி, இனிமேல் தேட வேண்டாம் என்றார். சுனிதா 'அழி'யை அமுக்கினாள்.

எனக்கு விளங்கிவிட்டது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சோனுவை அழித்தாள், ஆனால் அவனுக்குக் கீழே இருந்த தகவல்களை யாரும் அழிக்கவில்லை. மேலே இருப்பது போனால் கீழே இருப்பதை என்ன செய்வது என்று எழுதியவன் சொல்லவே இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் டேட்டாபேஸ் ஒரு எண் கொடுக்கும், தகவல்கள் அந்த எண்ணின் கீழேதான் சேரும். அவை சோனுவின் எண்ணைச் சுமந்துகொண்டு, ஆளில்லாமல் அப்படியே கிடந்தன. திங்கள் சாயங்காலம் புயலில் கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பாட்டரி எப்போதோ தண்ணீர் வற்றிக் கிடந்ததால் பெட்டியும் அணைந்தது. நாங்கள் அன்று பயன்படுத்திய டேட்டாபேஸுக்கு ஒரு பழக்கம் உண்டு. அணைந்து எழுந்தால், தான் கடைசியாகக் கொடுத்த எண் என்ன என்று அதற்கு ஞாபகம் இருக்காது. இருப்பதிலேயே பெரிய எண் எது என்று பார்த்து, அதற்கு அடுத்ததிலிருந்து தொடங்கும். சோனுதான் கடைசியாகப் பதியப்பட்டவன். அவனை அழித்தாயிற்று. அவனுடைய எண் காலி. மறுநாள் முதலில் வந்தது கதிர், அந்த எண் அவனுக்குப் போனது.

குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர்களுக்கு இது புதிதல்ல. மாற்றலாகிப் போனவரின் வீடு உங்களுக்குக் கிடைக்கும். பல வருடம் அவருடைய தபால் உங்கள் வாசலில் வந்து விழும். தபால்காரருக்கு வீட்டு எண்தான் தெரியும், ஆளைத் தெரியாது.

இதையெல்லாம் நான் நினைத்து முடிப்பதற்குள் செல்வி என் முழங்கையைப் பிடித்தாள். "என்னாம்மா பேசிக்கிறீங்க? அது எம் புள்ள இல்லியா?"

"இல்லம்மா. இங்க ஒரு தப்பு நடந்து போச்சு. அது வேற பையனைப் பத்தினது."

"அந்தப் புள்ள கெடச்சுட்டானா?"

 சுனிதா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் கேள்வி புரிந்திருக்கும். செல்வி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். புடவைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திரையில் இருந்த தன் மகனின் போட்டோவைப் பார்த்தாள்.

"செத்த புள்ளயோட எடத்துலயா எம் புள்ளைய வச்சிருக்கீங்க?"

 நான் சாமி, பேய் என்று அலட்டிக்கொள்கிற ஆளில்லை. ஆர்.கே.புரத்து முருகன் கோயிலான மலை மந்திருக்குக்கூட பிரசாதத்துக்காகப் போகிறவள். ஆனாலும் அவள் சொன்னது அப்படியே உண்மை. இதைவிடச் சரியாக எந்த இன்ஜினியரும் அந்தப் பிழையைச் சொல்லியிருக்க முடியாது.

"எடுங்கம்மா. எம் புள்ளைய அங்கேருந்து எடுங்க. அதெல்லாத்தையும் அழிங்க மொதல்ல."

"அழிச்சிடுங்க தீதி" என்று சுனிதாவும் சொன்னாள். "எல்லாத்தையும் அழிச்சிடுங்க. எனக்கும் பார்க்க முடியலை."

அழுகிற தாய் ஒரு பக்கம், வெளிறிய சுனிதா ஒரு பக்கம், ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். அழிப்பது மிகச் சுலபம். ஒரே ஒரு கட்டளை. இந்தக் குழந்தை பதியப்படுவதற்கு முன்னால் பதியப்பட்ட தகவல்கள் எல்லாம் அவனுடையவை அல்ல, நீக்கு. கேட்க நியாயமாகவும் இருக்கிறது. உங்களிடம் கேட்டால் நீங்களும் இதைத்தான் சொல்வீர்கள். நான் அதை டைப் செய்துவிட்டேன். எண்டர் மட்டும் தட்டவில்லை. அறையில் எல்லோரும் ஒரு காரியத்தைச் சீக்கிரம் செய், செய் என்று அவசரப்படுத்தினால் எனக்குப் பிடிவாதம் வந்துவிடும். வீட்டில் இதற்காக நிறைய ஏச்சு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் குணம் உதவியது. அழிப்பதற்கு முன் ஐந்தையும் கடைசிவரை படித்துவிடுகிறேன் என்றேன்.

நான்கு சோனுவினுடையவைதான். சந்தேகமே இல்லை. ஐந்தாவது இப்படி இருந்தது: 'காஷ்மீரி கேட் பஸ் ஸ்டாண்ட், பின்பக்கம், டீக்கடை. கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். தூணில் போஸ்டரைப் பார்த்து சந்தேகப்பட்டு, சோனு என்று கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தான்.'

தேதி, திங்கட்கிழமை. நேரம், பிற்பகல்.

"சுனிதா, நீ சோனுவை அழிச்சது எப்போ?"

"நேத்துக் காலையில."

"அப்ப இது?"

அவள் அழத் தொடங்கினாள். காலையில் உள்அறைக் கம்ப்யூட்டரில் அழித்திருக்கிறாள். வெளியறைக் கம்ப்யூட்டரில் சோனுவின் பக்கம் அப்படியே திறந்து கிடந்திருக்கிறது. பிற்பகலில் யாரோ போன் பண்ணி, உங்கள் போஸ்டர் பையனைப் பார்த்தேன் என்றிருக்கிறார். அந்தப் பையன் போய்விட்டான் என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. அச்சா, அச்சா என்று கேட்டுக்கொண்டே பழக்கதோஷத்தில் டைப் செய்து சேமித்துவிட்டாள். இல்லாத குழந்தைக்குத் தகவல் சேர்க்கிறாயே என்று மென்பொருளும் தடுக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டது.

"யாரோ தப்பாப் பாத்திருக்காங்கன்னு நினைச்சேன் தீதி. கூப்பிட்டா யார் வேணும்னாலும் திரும்புவாங்க இல்லையா?"

அப்புறம் அவளே நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் நினைத்ததையே அவளும் நினைத்திருக்கிறாள். முகம் தெரியாத உடல். ஒரு சட்டை. ஒரு சிவப்புக் கயிறு. டெல்லியில் எத்தனை பையன்கள் கையில் சிவப்புக் கயிறு இல்லை?

"அவர் வேற யாரையோ எரிச்சிட்டாரா?" என்றாள். அவள் கை போனுக்குப் போனது. "அவருக்குச் சொல்லணும். அவர் பையன் உயிரோட இருக்கான்னா..."

நான் அவள் கையோடு சேர்த்து ரிசீவரை அமுக்கிப் பிடித்தேன்.

இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது இருக்கிறது. அந்த ஐந்தாவது தகவல் சோனு அழிக்கப்பட்ட பிறகு வந்தது, கதிர் பதியப்படுவதற்கு முன் வந்தது. டேட்டாபேஸைப் பொறுத்தவரை அந்த நேரத்தில் அந்த எண்ணில் ஒரு குழந்தையுமே இல்லை. ஆனால் டீக்கடையில் ஒரு பையன் இருந்திருக்கிறான். யார்? சோனுவாக இருந்தால் அப்பா தகனம் செய்தது வேறு யாரையோ. கதிராகவும் இருக்கலாம். அவன் எங்களிடம் பதிவானதுதான் செவ்வாய்க்கிழமை, காணாமல் போனது சனிக்கிழமை. பதிந்த தேதிக்கு முன்னால் இருப்பதெல்லாம் அவனுடையதல்ல என்று நான் டைப் செய்து வைத்திருந்த அந்த நியாயமான வரி, அவனைப் பார்த்த ஒரே கண்ணையும் அழித்திருக்கும்.

டைப் செய்ததை எழுத்தெழுத்தாக அழித்தேன். டேட்டாபேஸில் ஒன்றையும் தொடவில்லை.

"அவருக்கு இப்ப போன் வேண்டாம்" என்றேன். "நேத்துதான் பையனோட சாம்பலைக் கரைச்சிருப்பார். இது பொய்யா இருந்தா அந்த மனுஷன் அதே பையனை ரெண்டாவது தடவை எரிக்கணும். நாம போய்ப் பார்ப்போம். பார்த்துட்டுச் சொல்லுவோம்."

செல்விக்கு என்ன சொல்வது? மறைக்க நேரமில்லை, மறைக்கவும் கூடாது. "ஒருத்தர் ஒரு பையனை நேத்து காஷ்மீரி கேட் பக்கம் பார்த்திருக்கார். அது உன் பையனா, அந்தப் பையனா, வேற யாரோவா, எங்களுக்குத் தெரியாது. வர்றியா?"

"அந்தப் புள்ளதான் செத்துட்டான்னீங்களே?"

"அப்படித்தான் நினைக்கிறோம்."

அவள் வேறெதுவும் கேட்காமல் செருப்பை மாட்டினாள்.

மூன்று பேரும் ஒரு ஆட்டோவில் ஏறினோம். ரிங் ரோடு நெடுகப் புழுதி தொங்கிக்கொண்டிருந்தது. யமுனைப் பக்கம் ஒன்றுமே தெரியவில்லை, ஆறு இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் சுவர். எனக்கு வலது பக்கம் செல்வி, என் கையை விடவே இல்லை, உள்ளங்கை ஈரமாக இருந்தது. இடது பக்கம் சுனிதா, சோனுவின் போஸ்டரைச் சுருட்டி மார்போடு வைத்திருந்தாள். நடுவில் நான். அந்த வழியில் எனக்குள் ஓடியதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அது கதிராக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உடனே, அப்படி வேண்டுவது சோனு செத்தே போயிருக்கட்டும் என்று வேண்டுவதுதானே என்று தோன்றியது. திரும்பிப் பார்த்தது ஒரு பையன்தான். அவனுக்காகக் காத்திருப்பது இரண்டு வீடு. எனக்கு அந்த ஆட்டோவிலிருந்து இறங்கி எங்கேயாவது ஓடிவிடலாம் போல இருந்தது.

பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம் வரிசையாகக் கடைகள். ஒரு தூணில் சோனுவின் போஸ்டர், ஒரு மூலை புயலில் கிழிந்து அடித்துக்கொண்டிருந்தது. எதிரே டீக்கடை. கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, இங்கே சின்னப் பையன்கள் யாரும் வேலை செய்யவில்லை என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். சுனிதா அவரிடம் பேசிய இந்தியை எழுத முடியாது. அவர் வழி விட்டார்.

கடைக்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் முன்னால் குத்துக்காலிட்டு ஒரு பையன், எங்களுக்கு முதுகைக் காட்டி, கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் சட்டை, முழங்கால் வரை தொங்கியது. பின்னந்தலை, மெலிந்த கழுத்து, அவ்வளவுதான் தெரிந்தது. பத்து வயதுப் பையன்களின் பின்னந்தலை எல்லாம் ஒன்றுதான். செல்விக்கே சொல்லத் தெரியவில்லை. 

சுனிதாதான் கூப்பிட்டாள். கூப்பிட வேண்டும் என்று நினைத்துக் கூப்பிடவில்லை என்று பிறகு சொன்னாள்.

"சோனு."

பையன் கை நின்றது. மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

அந்த ஒரு நொடி இருக்கிறதே, வாழ்க்கையில் நான் அதற்கு முன்போ பின்போ அப்படிப் பயந்ததில்லை.

நெற்றியில் விபூதி இல்லை. முகமெல்லாம் கரி. ஆனால் அதே முறைப்பு. கதிர்.

செல்வி ஓடவில்லை. நடந்துதான் போனாள். அவன் கையில் இருந்த கிளாஸை வாங்கி, உடைந்துவிடாமல் பத்திரமாகத் தொட்டி மேல் வைத்தாள். பிறகுதான் அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். எனக்குப் பின்னால் இன்னொரு அழுகைச் சத்தம் கேட்டது. சுனிதா தூணில் சாய்ந்து நின்றிருந்தாள். அது சந்தோஷ அழுகை மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் கையில் சோனுவின் போஸ்டர் இன்னும் சுருட்டியபடியே இருந்தது.

திரும்பி வரும்போது கதிருக்கு ஒரு வாழைப்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

"உன் பேரு கதிர்தானே. சோனுன்னு கூப்பிட்டா ஏண்டா திரும்பின?"

"தெரியல ஆன்ட்டி" என்றான். பழத்தை மென்றுகொண்டே யோசித்தான். "அங்க எல்லாரும் ஓய், ஓய்னுதான் கூப்பிட்டாங்க. யாரும் பேரு சொல்லிக் கூப்புடல. நேத்து ஒருத்தர் பேரு மாதிரி ஒண்ணு சொன்னாரு. யாரையோ தேடிட்டு வந்திருக்காங்க, என்னையா இருக்கும்னு நெனச்சேன்."

"அப்ப ஏன் அவர்கிட்ட போகல?"

"திரும்பிப் பாத்ததும் அவரு போயிட்டாரு."

போன் பண்ணத்தான் போயிருக்கிறார்.

மறுநாள் நான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அங்கே உட்கார்ந்தேன். செய்தவை உங்களுக்குத் தெரிந்தவைதான், விளக்கவில்லை. உரிய குழந்தை இல்லாமல் ஒரு தகவலும் சேரக் கூடாது என்று மாடலிலும் சொன்னேன், மாடலை நம்பாமல் டேட்டாபேஸையும் மறுக்கச் சொன்னேன். 'அழி' பொத்தானை எடுத்துவிட்டேன். நிலை என்ற கட்டத்தில் மூன்றாவதாக ஒரு வார்த்தை வேண்டும் என்றபோது, அது என்ன வார்த்தை என்று சுனிதா வெகுநேரம் யோசித்தாள். 'தேடல் முடிந்தது' என்று போடச் சொன்னாள். காப்புப் பிரதியிலிருந்து சோனுவை மீட்டு, அவனுக்கென்று ஒரு புது எண் கொடுத்து, நான்கு தகவல்களையும் அவன் கீழே திருப்பி வைத்தேன். ஐந்தாவதைக் கதிரின் கீழேயே விட்டேன். பார்க்கப்பட்டவன் கதிர், அதனால் அது கதிருக்குச் சொந்தம். எனக்கு அதில் குழப்பம் இல்லை.

மழை தொடங்கிய பிறகு ஒருநாள் சோனுவின் அப்பா வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். பையனின் போட்டோ வேண்டும் என்றார். அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதானாம், அதையும் போஸ்டருக்காக எங்களிடம் கொடுத்துவிட்டார். பிரதி எடுத்துக்கொண்ட பிறகு அசலைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. சுனிதா அசலைத் தேடப் போக, நான் திரையில் சோனுவின் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தார். கீழே இருப்பதைப் படிக்கச் சொன்னார். நான்கையும் படித்தேன். பிஸ்கட் கொடுத்தார்கள் என்றபோது தலையை ஆட்டினார்.

"அதுக்கப்புறம் யாரும் பாக்கலையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதுதான் டேட்டாபேஸில் இருந்த பதில். ஆனால் உள்ளேயிருந்து போட்டோவோடு வந்த சுனிதாவுக்குப் பொய் வராது. ஒருத்தர் போன் பண்ணினார் என்று தொடங்கி, காஷ்மீரி கேட், டீக்கடை, கதிர், எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அந்தப் பையன் நல்லா இருக்கானா?"

"இருக்கான். ஸ்கூலுக்குப் போறான்."

"என் பையனோட போட்டோவைப் பார்த்துத்தானே கூப்பிட்டாங்க?"

"ஆமாம்."

"என் பையன் பேரைச் சொல்லித்தானே?"

"ஆமாம் அண்ணா" என்றாள் சுனிதா.

"அப்ப அது என் பையனுதும்தான். அவன் பக்கத்துலயும் போடுங்க."

அப்படியெல்லாம் போட முடியாது, ஒரு தகவல் ஒரு குழந்தைக்குத்தான் சொந்தமாக இருக்க முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை சொல்லவில்லை. அவர் போட்டோவைச் சட்டைப்பைக்குள் வைத்து, மழையில் நனையாமல் இருக்கக் கையால் பொத்திக்கொண்டு படி இறங்கிப் போனார்.

அன்று மத்தியானமே உட்கார்ந்து அந்த இரண்டு வரிகளையும் மாற்றி எழுதினேன். எந்தத் தகவல் யார் யாருக்கு என்று குறித்து வைக்க டேட்டாபேஸின் நடுவில் ஒரு டேபிள் போட்டு, ஒரு குழந்தைக்குப் பல தகவல், ஒரு தகவலுக்கும் பல குழந்தை. இப்படி ஏன் செய்தீர்கள், இதற்குத் தேவையே இல்லையே என்று பின்னால் கம்பெனியில் ஒருவர் கேட்டார். நான் விளக்கம் சொல்லவில்லை. வேலை செய்கிறதா, பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

வேலை செய்தது. நான் அந்த அமைப்பை விட்டு வரும்வரை அப்படியேதான் இருந்தது. கதிரின் பக்கத்தைத் திறந்தால் அவனுடைய முறைப்பு, அதற்குக் கீழே அந்த ஒரே வரி. சோனுவின் பக்கத்தைத் திறந்தால் நிஜாமுதீன், ஓக்லா, ரயில், பிஸ்கட், எல்லாவற்றுக்கும் கடைசியில் அதே வரி. கூப்பிட்டார்கள், திரும்பிப் பார்த்தான்.